யென் நாட்டின் முதல் கட்டம்: "கெ" என்பது ஆளா, வினைச்சொல்லா?

கட்டம் தாத்தா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தாலுகா ஆபீஸில் 34 வருடம் பேரேடு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கட்டம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பழைய நாடுகளின் அரசர் வரிசையைச் சார்ட் தாளில் கட்டம் கட்டமாக எழுதி, மாடி அறைச் சுவரில் ஒட்டி வருகிறேன். எகிப்து முடிந்தது, அசீரியா முடிந்தது, இப்போது சீனா. ஜோவ் வம்ச அரசர்களுக்குக் கீழே இருந்த சிறு நாடுகளுக்கு ஆளுக்கு ஒரு வரிசை. லூ, ஜின், சாய் எல்லாம் மளமளவென்று நிரம்பின. யென் நாட்டில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியென் தன் வரலாற்று நூலில் யென் நாட்டுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார், 34-ஆவது. (என் சர்வீஸும் 34. அதனால் ஒரு பாசம்.) ஷாங் வம்சத்தை ஒழித்த பின் ஜோவ் வம்சத்தின் வூ அரசர் ஷாவ் கோங் என்பவருக்கு யென் நாட்டைக் கொடுத்தார் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் ஷாவ் கோங் ஒரு காட்டுப் பேரிமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தது, அவர் இறந்த பிறகும் ஜனங்கள் அந்த மரத்தை வெட்டாமல் பாட்டுக் கட்டியது. அடுத்த வரியே, "ஷாவ் கோங் தொடங்கி ஒன்பது தலைமுறையில் ஹுய் கோமான்." அவ்வளவுதான்! இந்த ஹுய் இருந்தது கி.மு. 841-ஐ ஒட்டி. நடுவில் ஏறக்குறைய 200 வருடம், ஒரு பெயர்கூட இல்லை. ஹுய்யைச் சேர்த்து ஒன்பதா, சேர்க்காமல் ஒன்பதா என்பதே தகராறு. உத்தேசமாக எட்டுக் கட்டம் விட்டிருக்கிறேன். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

மகள் பெய்ஜிங்கில் வேலை பார்க்கிறாள். போன வருடம் போயிருந்தபோது தலைநகர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வயிறு பெருத்த வெண்கல ஜாடி, பக்கத்தில் மூக்கு வைத்த கெண்டி. பெயர்ப் பலகையைப் போனில் காட்டினேன். "கிராம் ஜாடி" என்று மொழிபெயர்த்தது. கெண்டியைக் காட்டினால் "கிராம் கெண்டி". எத்தனை கிராம் என்று நான் கேட்க, மகள் சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

விசாரித்தால், அந்த எழுத்தை "கெ" என்று படிக்க வேண்டுமாம். யென் நாட்டின் உண்மையான முதல் கோமான் பெயரே அதுதானாம். ஊருக்கு வந்து தேடினால், அது பெயரே இல்லை, "முடியும், இயலும்" என்று பொருள்படும் சொல் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார்.

ஆக, முதல் கட்டத்தில் ஷாவ் கோங்கா, கெயா? கெ என்று ஒருவர் இருந்தாரா இல்லையா? பேனாவை மூடாமல் காத்திருக்கிறேன்.

அவசரக்குடுக்கை

ஷாவ் கோங் தான் சார். புத்தகத்திலேயே இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்? கெ என்பவர் வேறு. வரைபடச் சுருளுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டுபோய் சின் அரசரைக் குத்தப் பார்த்தாரே, அவர். யென் அனுப்பிய ஆள்தான், ஆனால் அரசர் கிடையாது. கேள்வி தீர்ந்தது.

மிளகுரசம்

தம்பி, பெயருக்கேற்ற மாதிரியே பதில் சொல்லிவிட்டீர்கள். கத்தியோடு போனவர் ஜிங் கெ. அது கி.மு. 227. ஐயா கேட்கும் ஆள் அவருக்கு 800 வருடம் முந்தியவர். எழுத்தும் வேறு. சீனத்தில் கெ என்று ஒலிக்கும் எழுத்துகள் ஒரு கூடை இருக்கின்றன.

ஐயா, உங்கள் போனைத் திட்டாதீர்கள். அந்த எழுத்துக்கு இன்றைய சீனத்தில் கிராம் என்றுதான் முதல் பொருள். என் கணவர் வேலைக்காக நாங்கள் ஏழு வருடம் பெய்ஜிங்கில் இருந்தோம். நான் சீனம் படித்தது காய்கறிச் சந்தையிலும் பால் பவுடர் டப்பாவிலும்தான். டப்பாவின் ஓரத்தில் தினமும் பார்த்த எழுத்து அது. அதே எழுத்தை மூவாயிரம் வருடத்து ஜாடியின் பெயரில் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பழைய சீனத்தில் அதற்குப் பொருள் வெல்லுதல், இயலுதல். கிராம் நேற்று வந்த விருந்தாளி.

நாங்கள் குடியிருந்தது நகரத்தின் தென்மேற்கில், ஃபாங்ஷான் மாவட்டத்தில். காரணம் வரலாற்று ஆர்வம் இல்லை, வாடகை குறைவு. அங்கிருந்து லியூலிஹெ பக்கம்தான். யென் நாட்டின் முதல் தலைநகர் அங்கேதான் மண்ணுக்குள் கிடந்தது. 1964-இல் ஹுவாங்தூபோ என்ற ஊரில் ஒரு விவசாயி குளிர்காலத்துக்குக் காய்கறி சேமிக்க வீட்டில் குழி வெட்டினார். முட்டைக்கோசு வைக்க வெட்டிய குழியில் வெண்கலப் பாத்திரங்கள் வந்தன. எழுபதுகளில் முறையாகத் தோண்டினார்கள். கோட்டை மதில், கல்லறைகள், குதிரையோடு சேர்த்துப் புதைத்த தேர் எல்லாம் வந்தன. வடக்கு மதில் மட்டும் 800 மீட்டருக்கு மேல் நீளம்.

உங்கள் ஜாடியும் கெண்டியும் வந்தது 1986-இல், 1193-ஆம் எண் கல்லறையில். பெரிய கல்லறை. நான்கு மூலையிலிருந்தும் நான்கு சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. வழக்கமாகப் பக்கத்தின் நடுவிலிருந்துதான் பாதை இறங்கும். இங்கே மூலையில், அதனால் மேலிருந்து பார்த்தால் கால் விரித்த பூச்சி மாதிரி இருக்கும். திருடர்கள் எப்போதோ உள்ளே இறங்கி முக்கால்வாசியைக் கொண்டுபோய்விட்டார்கள். எப்படியோ இந்த இரண்டும் தப்பின.

இரண்டிலும் ஒரே வாசகம், 43 எழுத்து. ஜாடியின் மூடிக்குள் ஒரு முறை, வாய்க்குள் ஒரு முறை. கெண்டியிலும் அதே மாதிரி. ஆக நான்கு பிரதி. பத்திர ஆபீஸில் நான்கு செட் எடுத்த மாதிரி. விஷயம் இதுதான், என் சொந்தத் தமிழில் சொல்கிறேன்:

அரசர் சொல்கிறார்: தாய்பாவ், நீ உன் தலைவனுக்குத் தூய படையல் அளித்தாய், அதற்கு நான் நிறைவாகக் கைம்மாறு செய்கிறேன். "கெ" யென்னில் கோமானாக இருக்கப் பணிக்கிறேன். பிறகு கியாங், மா என்று சில குலத்தாரின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த மக்களும் அவர் பொறுப்பு. அதற்கடுத்து, "கெ" யென்னுக்கு வந்து நிலத்தையும் அதன் அலுவலர்களையும் ஏற்றுக்கொண்டார். இந்த அரிய பாத்திரம் செய்யப்பட்டது.

ஐயா, தாலுகா ஆபீஸ் கண்ணோடு கடைசிப் பகுதியைப் பாருங்கள். நிலம் இவ்வளவு, ஊழியர் இன்னார் என்று கணக்குப் பார்த்து சார்ஜ் எடுத்திருக்கிறார் மனிதர்!

தாய்பாவ் என்பது பதவிப் பெயர், பெருங்காவலர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதவியில் இருந்தவர்தான் ஷாவ் கோங். அரசர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார், பதவியைக் "கெ"வுக்குக் கொடுக்கிறார். கெ என்பது பெயரானால் அவர் மகன். பெயர் இல்லை, "இயலும்" என்ற சொல் என்றால், பதவி ஷாவ் கோங்குக்கே.

சீன எழுத்தில் பெயர் எது, சொல் எது என்று காட்டும் குறி எதுவும் கிடையாது. நமக்கும்தான் கிடையாது. "வல்லவன் வந்து ஆண்டான்" என்று ஒரு ஓலையில் இருந்தால், வல்லவன் என்ற பெயருள்ள ஆள் ஆண்டாரா, திறமையுள்ள எவனோ ஒருவன் ஆண்டானா? கெயின் கதையும் இதேதான்.

என் முடிவு: அது பெயர். முதல் காரணம் வாக்கிய அமைப்பு. "இன்னாரை இன்ன ஊரில் கோமானாக இருக்கப் பணித்தேன்" என்பது அந்தக் காலத்து வழக்கமான ஆணை. ஆணைச் சொல்லுக்கும் கோமான் என்ற சொல்லுக்கும் நடுவில் உட்காரும் சொல், ஆளின் பெயராக இருப்பதுதான் பொருத்தம். இரண்டாவது காரணம், இதே காலத்தில் லூ நாட்டில் நடந்தது. வூ அரசரின் தம்பி ஜோவ் கோங்குக்கு லூ நாடு கிடைத்தது. அவர் தலைநகரிலேயே இருந்துகொண்டு மூத்த மகன் போ சின்னை அனுப்பினார். பழைய பாடல் தொகுப்பில் அரசர் வாக்காகவே வருகிறது, உன் மூத்த மகனை லூவில் கோமானாக்குகிறேன் என்று.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எட்டாம் நூற்றாண்டில், தாங் வம்ச காலத்தில், சீமா ஜென் என்பவர் சீமா சியெனின் நூலுக்கு உரை எழுதினார். யென் அத்தியாயத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: ஷாவ் கோங்கும் மூத்த மகனையே நாட்டுக்கு அனுப்பினார், இளைய மகன் அரசவையில் தங்கித் தந்தையின் பட்டத்தைத் தொடர்ந்தார். மகன் பெயரைச் சொல்லவில்லை. உரைகாரர் எழுதி 1,200 வருடம் கழித்துத்தான் ஜாடி வெளியே வந்தது.

இலக்கணப்புலி

அக்கா எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் "அது பெயர்" என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. நான் கல்லூரியில் செம்மொழிச் சீனம் இரண்டு வருடம் படித்தவன், அதனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன்.

அந்த எழுத்து வெண்கல வாசகங்களில் வினையாக வருவது மிகச் சாதாரணம். 1963-இல் பாவ்ஜியில் கிடைத்த ஹெ சுன் என்ற பாத்திரத்தை எடுங்கள். சீனர்கள் தங்கள் நாட்டை அழைக்கும் "நடு நாடு" என்ற சொல் முதன்முதலில் வருவதாகச் சொல்லி எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அது. வூ அரசர் ஷாங்கின் பெருநகரை வென்ற பிறகு என்ற இடத்தில், வென்ற என்பதற்கு இதே எழுத்துதான். அங்கே யாரும் கெ என்று ஓர் ஆளைத் தேடுவதில்லை.

உங்கள் 43 எழுத்தில் அது இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் பின்னால் வருவது ஒரு செயல்: ஒன்றில் கோமானாக இருத்தல், மற்றதில் வருதல். துணைவினை உட்காரும் இடமும் அதேதான். அதாவது "நீ யென்னில் கோமானாக இருக்க வல்லவனாவாய்", "யென்னுக்கு வர முடிந்தது". கொஞ்சம் முறுக்கினால் படிக்கலாம். கடைசியில் பாத்திரம் செய்தவர் பெயரும் இல்லை. கெ என்பவர் செய்தார் என்று நேராக ஒரு வார்த்தை இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அப்படியானால் அந்த நான்கு பாதைக் கல்லறை ஷாவ் கோங்குடையதாகவே இருக்கலாம். அப்படி வாதாடிய அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

மிளகுரசம்

புலியாரே, முரண்டு பிடிக்க ஆள் இருந்தால்தான் எனக்கும் எழுத வருகிறது. வாக்கியத்தை முறுக்கினால் படிக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முறுக்காமல் படிக்க வழி இருக்கும்போது எதற்கு முறுக்க வேண்டும்?

முதல் பாதியில் அரசர் எதிரில் இருப்பவரை "உன், உன்" என்று அடிக்கடி குறிக்கிறார். பதவி கொடுக்கும் வரிக்கு வந்ததும் அந்த "உன்" காணாமல் போகிறது. அதுவரை முகத்தைப் பார்த்துப் பேசியவர் அந்த இடத்தில் திடீரென்று எதிரிலிருப்பவரை விட்டுவிடுவாரா? வேறொருவரைச் சுட்டுகிறார் என்று எடுத்தால்தான் பேச்சு ஓடுகிறது.

அந்த எழுத்தைப் பெயராக வைப்பார்களா என்றால், வைத்தார்கள். ஷாங்காய் அருங்காட்சியகத்தில் பெரிய கெ திங் என்று 200 கிலோ எடையுள்ள மூன்றுகால் கொப்பரை இருக்கிறது. 1890 வாக்கில் ஷான்சியின் ஃபாமென் பக்கம் கிடைத்தது. அதைச் செய்த அரசவை அதிகாரியின் பெயர் கெ, இதே எழுத்து. நம் ஆளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.

அடுத்து, அதே லியூலிஹெயில் 253-ஆம் எண் கல்லறையில் 1975-இல் கிடைத்த ஜின் திங். 62 செ.மீ. உயரம், 41.5 கிலோ. இதை நான் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்கு நின்று பார்த்தேன். வயிற்றுப் பக்கம் கரி படிந்த மாதிரிக் கருப்பு, காதுகளில் மெல்லிய வேலைப்பாடு. உள்ளே 26 எழுத்து. யென் கோமான் ஜின் என்ற அதிகாரியை அழைத்து, சோங்ஜோவ் தலைநகரில் இருக்கும் தாய்பாவுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்புகிறார். தாய்பாவ் மகிழ்ந்து ஜின்னுக்குச் சோழிகள் பரிசு தருகிறார். ஜின் அந்தப் பெருமையில் கொப்பரை வார்க்கிறார்.

என்ன உணவு என்று அடித்துக்கொள்கிறார்கள், இனிப்பு என்பவர்களும் உண்டு. எனக்கு அது முக்கியமில்லை. வெளியூரில் வேலையில் இருக்கும் மகன், தலைநகரில் இருக்கும் வயதான அப்பாவுக்கு ஆள் மூலம் தின்பண்டம் கொடுத்தனுப்பிய கதையாகவே அதை நான் படிக்கிறேன். ஒரே நேரத்தில் யென்னில் ஒரு கோமான், தலைநகரில் தாய்பாவ். ஆக இரண்டு ஆள். அந்தக் கோமான் கெயா, அவருக்கு அடுத்தவரா என்று பாத்திரம் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷாவ் கோங் உயிரோடு இருந்தபோதே யென்னில் வேறொருவர் கோமானாக இருந்தார் என்பது இதில் தெளிவு.

உங்கள் கட்சிக்கும் ஒரு புள்ளி தருகிறேன். ஷாவ் கோங் யென் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சமீபத்திய அகழாய்வில் 1902-ஆம் எண் கல்லறையில் ஹுவான் என்ற எழுத்தரின் பாத்திரங்கள் வந்தன. அதில் எழுதியிருப்பது: தாய்பாவ் யென்னில் மதில் கட்டினார், பிறகு யென் கோமானின் மாளிகையில் விருந்து, எழுத்தர் ஹுவானுக்குச் சோழி கொடுத்தார். அப்பா நேரில் வந்து மகனுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! பாருங்கள், இங்கேயும் தாய்பாவ் தனி, கோமான் தனி. புள்ளி தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன், மன்னிக்கவும்.

இலக்கணப்புலி

பிடுங்கியது சரிதான். ஹுவான் வாசகத்துக்குப் பிறகு எனக்கும் பிடி தளர்கிறது. ஆனாலும் "மகன்" என்ற சொல் ஜாடியில் எங்கேயும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மகன் என்பது லூ நாட்டு ஒப்புமையும் சீமா ஜென் உரையும் சேர்ந்து தருவது.

மிளகுரசம்

பதிவு செய்துகொள்ளுங்கள். அது உண்மை.

கட்டம் தாத்தா

அம்மா, புலித் தம்பி, இரண்டு பேருக்கும் கும்பிடு. நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுச் சார்ட்டின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி மேலே வந்து "என்ன, சுவரோடு பேச்சா" என்று கேட்டாள். விளக்கினேன். "அப்பா பேரில் நிலம், பிள்ளை அனுபவம். இதுக்கா ஒரு வாரம்?" என்று இறங்கிப் போய்விட்டாள். 34 வருடச் சர்வீஸை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

அப்படியே செய்கிறேன். முதல் கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு இரண்டாக்கி, மேலே ஷாவ் கோங், கீழே கெ. கூட்டுப் பட்டா.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, நாட்டைக் கொடுத்தது வூ அரசர் என்று புத்தகம் சொல்கிறது. ஜாடியில் அரசர் என்று மட்டும் இருக்கிறதாகத் தெரிகிறது. எந்த அரசர்? இரண்டு, சீமா சியென் மாதிரி ஒரு மனிதர் ஒன்பது தலைமுறையை எப்படி விட்டார்? மற்ற நாட்டுக்கெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாரே. யென் பிற்காலத்தில் ஏழு பெரிய நாடுகளில் ஒன்றாகக்கூட ஆனதே.

மிளகுரசம்

ஐயா, வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த விவாதத்தில் அவர்தான் ஜெயித்தார்.

முதல் சந்தேகம். பெயர் போடாமல் அரசர் என்றுதான் இருக்கிறது. பெரும்பாலோர் வூவின் மகன் செங் அரசர் என்கிறார்கள். அதற்குச் சாதகமாக ஓர் ஆமை ஓடு உண்டு. 1996-இல் லியூலிஹெ கோட்டைக்குள் ஒரு குப்பைக் குழியில் குறி பார்த்த ஓட்டுத் துண்டு கிடைத்தது, அதில் "செங்ஜோவ்" என்று இரண்டு எழுத்து. செங்ஜோவ் என்பது இன்றைய லுவோயாங் பக்கம் செங் அரசர் காலத்தில் கட்டிய கிழக்குத் தலைநகர். ஆக அந்த ஓடு விழுந்த காலம் வூவுக்குப் பிந்தியதுதான். கோட்டை முழுவதற்கும் அது சாட்சி ஆகாது, ஆனால் கூட்டத்தோடு சேர்த்து ஒரு கை. ஒருவேளை வூ பெயரளவில் கொடுத்திருக்கலாம், கிழக்கே கலகம் அடங்கிய பிறகு செங் காலத்தில் ஆள் போயிருக்கலாம். இது என் ஊகம், சார்ட்டில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது. குற்றம் சீமா சியென் மேல் இல்லை. சின் நாடு எல்லாரையும் விழுங்கிய பிறகு, கி.மு. 213-இல் நூல்களை எரித்தபோது, மற்ற நாடுகளின் ஆண்டுக் குறிப்புகள்தான் முதலில் நெருப்புக்குப் போயின. தங்களை அவை இழித்துப் பேசுகின்றன என்று சின்னுக்கு எரிச்சல். மிஞ்சியது பெரும்பாலும் சின்னின் சொந்தக் குறிப்புதான், அதிலும் நாள் மாதம் இல்லை. சீமா சியெனே தன் அட்டவணைக்கு எழுதிய முன்னுரையில் இதை நினைத்து வருந்துகிறார். அவரும் உங்களைப் போலக் கட்டம் போட்ட ஆள்தான் ஐயா. காலிக் கட்டத்தின் வலி அவருக்கும் தெரியும்.

லூ ஒரு விதிவிலக்கு, அதன் சொந்தக் குறிப்பு தப்பியது, மற்ற நாடுகளும் அதில் அடிக்கடி வந்து போகின்றன. யென் வடக்கு மூலையில் கிடந்தது, நடு நாட்டுக்காரர்களோடு போக்குவரத்து குறைவு, அதனால் மற்றவர்கள் குறிப்பிலும் அதிகம் இல்லை. பெரிய நாடு ஆனதெல்லாம் பிற்பாடு. பெயரைக்கூடப் பழைய வெண்கலத்தில் வேறு எழுத்தில்தான் எழுதினார்கள். தைலாங்குருவி என்று பொருள்படும் இன்றைய எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பெய்ஜிங்கில் பீர் பாட்டில் வரைக்கும் அந்தக் குருவி பெயர்தான்.

எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பலாமா என்று கேட்டால், வெண்கலமும் குழப்பும். ஜின் திங் கிடைத்த அதே 253-ஆம் கல்லறையில் ஒரு மூடி போட்ட கிண்ணம் வந்தது. கிண்ணத்தில் ஒருவர் பெயர், மூடிக்குள் வேறொருவர் கதை. கிண்ணம் போ யூ என்பவருடையது. மூடியில், அரசர் செங்ஜோவில் வழிபாடு நடத்தி யூ என்ற இன்னொருவருக்குச் சோழி கொடுத்ததாக இருக்கிறது. (தமிழில் இரண்டும் யூ, சீனத்தில் வேறு வேறு.) நாற்பத்தைந்து வருடம் அது ஏன் என்று புரியவில்லை. பிறகு 1901-ஆம் கல்லறையைத் தோண்டினால், அங்கே இதே மாதிரி ஒரு கிண்ணம், அதிலும் மூடி ஒருவருடையது, கிண்ணம் மற்றவருடையது. புதைத்த அன்று எவரோ இரண்டு மூடியையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்! கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவி அடுக்கும்போது நடப்பதுதான். மூவாயிரம் வருடமாக யாரும் கவனிக்கவில்லை.

அவசரக்குடுக்கை

மேலே நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜிங் கெயை இழுத்ததற்கும் சேர்த்து. அக்கா, அப்போ மீதி ஏழு கட்டம்?

மிளகுரசம்

வாங்க தம்பி. இரண்டாவது கட்டத்துக்கு ஆள் இருக்கிறது: ஜி. இவருடைய மூன்றுகால் பாத்திரம் ஜப்பானில், கியோட்டோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யென் கோமான் ஜி முதல்முறையாகச் சோங்ஜோவ் போய் அரசரைப் பார்த்தார், அரசர் 20 சரம் சோழி கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. கெயின் மகனா, தம்பியா என்பதில் மறுபடியும் சண்டை, புலியாருக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. இவர் அத்தை முறையோ தங்கை முறையோ ஆன ஒரு பெண்ணுக்குச் செய்து கொடுத்த பாத்திரம் ஒன்று, ஷான்சியில் (பெரிய கெ திங் கிடைத்த ஷான்சி இல்லை, அதற்குக் கிழக்கே உள்ள பக்கத்து மாகாணம், தமிழில் எழுதினால் ஒன்றுபோல வரும்) தாஹெகோவ் என்ற இடத்தில், வேறொரு சிறு நாட்டின் கல்லறையில் கிடைத்தது. அந்த நாட்டின் பெயரே பழைய நூல்களில் கிடையாது. ஐயா, அதற்கு ஒரு வரிசை போட ஆரம்பித்தால் மாடி அறைச் சுவர் போதாது.

கட்டம் தாத்தா

இரண்டாவது கட்டத்தில் ஜி என்று பென்சிலில் எழுதிவிட்டேன். மகளிடம் எழுத்தை அனுப்பச் சொல்லி, போனில் காட்டி என்ன பொருள் என்று பார்த்தேன். "நோக்கம்" என்கிறது.

முதல் ஆள் கிராம், அடுத்தவர் நோக்கம். சரி, மூன்றாவது ஆள் கிடைக்கட்டும், அவருக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.